மே மாத முகாம் முடிந்த பிறகு: பிள்ளையின் விளையாட்டுப் பயிற்சியை ஆண்டு முழுக்க நடத்துவது எப்படி?

சேலத்தில் பரீட்சை முடிந்ததும் காந்தி ஸ்டேடியத்திலிருந்து தெருமுனை அகாடமி வரைக்கும் கோடைக்கால முகாம் களைகட்டிவிடும். புது ஷூ, புது பேட், காலை ஐந்தரைக்கே வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடும் அப்பாக்கள். ஜூன் இரண்டாம் வாரம் அதே மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள், பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள். அடுத்த மே மாதம் திரும்பவும் ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பம். இது ஒரு வகை. பத்து வயதிலேயே ஒரே விளையாட்டைப் பிடித்துக்கொண்டு, தீபாவளி பொங்கல் பார்க்காமல் விரட்டுவது இன்னொரு வகை. பதினைந்து வயதில் அந்தப் பிள்ளைக்கு முழங்கால் வலி வந்திருக்கும், அல்லது மைதானம் என்றாலே வெறுப்பு வந்திருக்கும்.

ஹங்கேரியில் பிறந்து கனடாவில் பணியாற்றிய இஸ்த்வான் பாலி என்ற பயிற்சி நிபுணர் 1990களில் இதற்கு ஒரு திட்டம் வகுத்தார். நீண்டகால வீரர் வளர்ச்சி என்று அதைச் சொல்கிறார்கள். கோப்பை எப்போது வரும் என்பதை வைத்துப் பயிற்சியைத் தீர்மானிக்காதே, பிள்ளையின் உடம்பு வளர்ச்சியில் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதை வைத்துத் தீர்மானி என்பதுதான் அதன் சாரம். ஆறு வயதிலிருந்து பதினேழு வயது வரையுள்ள பிள்ளையை முதன்முறையாகப் பயிற்சிக்கு அனுப்பும் சேலம், ஏற்காடு பெற்றோருக்கு அதை நம் ஊர் வெயிலுக்கும் பள்ளி நாட்காட்டிக்கும் ஏற்றபடி இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை: சுவரில் ஒரு கோடு

ஷூ வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன், வெறுங்காலில், குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி பிள்ளையை நிற்க வையுங்கள். தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவரோடு ஒட்டி மட்டமாக வைத்து, அதன் அடி விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் தேதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதையே செய்ய வேண்டும், எப்போதும் காலையில்தான். மாலைக்குள் முதுகெலும்பு அமுங்கி ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்துவிடும், கணக்கு தப்பிவிடும்.

பருவம் வருவதற்கு முன்பு பிள்ளைகள் வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். பிறகு ஒரு கட்டத்தில் சட்டென்று வேகம் பிடிக்கும். பெண்பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதையொட்டி, பையன்களுக்கு 14 வயதையொட்டி அந்த வேகம் உச்சத்தைத் தொடும். அந்த ஒரு வருடத்தில் பெண்பிள்ளை 8 செ.மீ., பையன் 9, 10 செ.மீ.கூட வளரலாம். மூன்று மாத இடைவெளியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இரண்டு செ.மீ.க்கு மேல் இருந்தால் அந்தக் கட்டம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த மாதங்களில் எலும்பு முந்திக்கொண்டு நீளும், தசையும் தசைநாரும் பின்னால் வந்து சேரும். நேற்றுவரை கண்ணை மூடிக்கொண்டு கேட்ச் பிடித்தவன் நழுவவிடுவான். ஓடும்போது கால் பின்னும். "இவனுக்குக் கவனமே இல்லைங்க மாஸ்டர், போன்தான் காரணம்" என்று அப்பா கோச்சிடம் புகார் சொல்வார். போன் காரணமாக இருக்கலாம். முதலில் சுவரைப் பாருங்கள். கோடு எகிறியிருந்தால் தாவுவது, குதிப்பது, வேக ஓட்டம் ஆகியவற்றின் அளவைக் கோச்சிடம் சொல்லிக் குறைக்க வேண்டும். பந்தைக் கையாளும் நுட்பங்களைத் தொடரலாம், நிறுத்த வேண்டியதில்லை.

இந்தக் கோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. பள்ளிப் போட்டிகளில் 14 வயதுக்கு உட்பட்டோர் என்று ஒரே வரிசையில் நிற்கும் பையன்களில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் ஐந்தாம் வகுப்புப் பையன் மாதிரி இருப்பான். முதலாமவன் ஜெயிப்பதில் திறமை எவ்வளவு, சீக்கிரம் வளர்ந்த உடம்பு எவ்வளவு என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியாது. சின்ன உடம்புக்காரனை அந்த வயதில் ஒதுக்குவது என் கணக்கில் பெரிய அநியாயம். பதினாறு, பதினேழு வயதுக்குப் பிறகு இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

வயதுக்கேற்ற வேலை

ஆறிலிருந்து எட்டு, ஒன்பது வயது வரை எந்த விளையாட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஓடு, தாவு, எறி, பிடி, உருளு, ஒற்றைக்காலில் நில். இவ்வளவுதான் பாடத்திட்டம். நொண்டி, பாண்டி, கில்லி, கல்லா மண்ணா எல்லாம் இதில் சேர்த்தி. நீச்சல் தெரியாவிட்டால் இந்த வயதில் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நுட்பம் பதியும் வயது. பெண்பிள்ளைகளுக்கு இது ஒரு வருடம் முன்பே தொடங்கி முன்பே முடியும். குறைந்தது இரண்டு மூன்று விளையாட்டு ஆடட்டும்: ஒரு பந்து விளையாட்டு, கொஞ்சம் தடகளம், முடிந்தால் ஜிம்னாஸ்டிக்ஸோ சிலம்பமோ. சிலம்பம் சுற்றும் பிள்ளையின் கால் வைப்பும் தோள் இயக்கமும் பின்னால் எந்த விளையாட்டுக்குப் போனாலும் கைகொடுக்கும். நூறு பயிற்சி ஆட்டத்துக்குப் பத்துப் போட்டி என்ற விகிதத்தில் இருந்தால் இந்த வயதுக்குப் போதும்.

பன்னிரண்டுக்குப் பிறகு, வளர்ச்சி வேகம் பிடித்து அடங்கும் வரை, உடம்பைக் கட்டும் காலம். ஒன்று அல்லது இரண்டு விளையாட்டுக்கு வந்துவிடலாம். "எக்ஸர்சைஸ் செய்தால் குள்ளமாகிவிடுவான்" என்று பாட்டிகள் சொல்வதில் ஆதாரம் இல்லை. தண்டால், பஸ்கி, பலகையில் ஏறி இறங்குவது என்று உடல் எடையை வைத்துச் செய்வதை யாராவது பக்கத்தில் நின்று முறையாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு நல்லது, காயமும் குறையும். யாரும் பார்க்காமல் ஜிம்மில் எடைத்தட்டை ஏற்றிக்கொண்டே போவதுதான் ஆபத்து. பதினாறுக்கு மேல் ஒரே விளையாட்டில் முழு மூச்சாக இறங்கலாம்.

லேட்டாகிவிட்டது என்று பயப்படுகிறவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடிக்கொண்டிருந்தார். 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு பள்ளியில் வாலிபால் ஆடியவர். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் கண்ணில் பட்டு உயரம் தாண்டுதலுக்கு மாறினார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். இருவருமே பத்து வயது அகாடமித் தயாரிப்புகள் இல்லை.

கோச்சைத் தேர்ந்தெடுப்பது

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு மூன்று நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். கோச் யார் யாரையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், எத்தனை பிள்ளைகள் வரிசையில் வெறுமனே நிற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். முப்பது பேருக்கு ஒரே ஒரு நெட், ஒருவன் பேட் செய்ய மற்றவர்கள் வேடிக்கை என்றால் ஒரு மணி நேரப் பயிற்சியில் உங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம்.

தப்புக்குத் தண்டனையாக ரவுண்டு ஓடவிடுகிறவரைத் தவிர்க்கப் பாருங்கள். ஓட்டம் தண்டனை என்று மனதில் பதிந்த பிள்ளை பெரியவனானதும் ஓடமாட்டான். வார்ம்-அப் இல்லாமல் நேரே ஆட்டத்தில் இறக்கிவிடுகிறவரையும்தான்.

வார்ம்-அப்பில் ஒன்றை மட்டும் கூர்ந்து பாருங்கள். ஒரு படிக்கட்டு உயரத்திலிருந்து பிள்ளைகளைக் குதிக்கச் சொல்லி, தரையில் இறங்கும்போது முழங்கால் எங்கே போகிறது என்று கோச் பார்க்கிறாரா? இறங்கும்போது இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்ந்தால் அந்தப் பிள்ளைக்கு முழங்கால் தசைநார் அறுபடும் வாய்ப்பு அதிகம். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். "கால் விரலுக்கு நேரா முட்டி இருக்கணும், சத்தம் இல்லாம இறங்கு" என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால், கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அவரிடமே சேர்த்துவிடுங்கள். பெண்பிள்ளையை அனுப்புகிறவர்கள் கழிப்பறையையும் உடை மாற்றும் இடத்தையும் நேரில் பார்த்துவிட்டு வாருங்கள், கேட்டுத் தெரிந்துகொள்வது போதாது.

வருடத்தைப் பிரிப்பது

நம் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குவது இந்தத் திட்டத்துக்கு வசதி.

ஜூன், ஜூலை அடித்தளம் போடும் காலம். விடுமுறையில் விட்ட ஓட்டத்தை மெல்லப் பிடிக்க வேண்டும். முதல் வாரம் செய்த அளவை அடுத்த வாரம் இரட்டிப்பாக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சிக்கல் என்னவென்றால் பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டிலேயே வந்துவிடும். பி.டி. சார் பெயரைக் கொடுத்துவிட்டு, மே முழுக்க மாமா வீட்டில் இருந்த பையனை முதல் வாரமே 400 மீட்டருக்கு நிறுத்திவிடுவார். தொடைப் பின்தசை பிடித்துக்கொள்வது அங்கேதான். ஜூலையில் போட்டி இருக்கும் என்று தெரிந்தால் மே கடைசி வாரத்திலேயே லேசாகத் தொடங்கிவிடுங்கள்.

ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை போட்டிப் பருவம். குறுவட்டத்தில் ஜெயித்தால் வருவாய் மாவட்டம், பிறகு மாநிலம். தடகளம் குடியரசு தினப் போட்டிகள் என்ற பெயரிலும், குழு விளையாட்டு பாரதியார் தினப் போட்டிகள் என்ற பெயரிலும் நடக்கும். முதலமைச்சர் கோப்பையும் 2024, 2025 ஆண்டுகளில் இந்தப் பருவத்தையொட்டியே நடந்தது. நடுவில் காலாண்டுத் தேர்வு வேறு. இந்த மாதங்களில் பயிற்சியின் அளவைக் குறைத்துத் தரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். போட்டி நடக்கும் வாரத்தில் பயிற்சி பாதி. வடகிழக்குப் பருவமழையில் மைதானம் சேறாகிற நாட்களில் வீட்டுத் திண்ணையே போதும்: ஸ்கிப்பிங், தண்டால், ஒற்றைக்கால் நிலை.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வோடு இரண்டு மூன்று வாரம் அந்த விளையாட்டுக்கு முழு விடுப்பு. கிரிக்கெட் ஆடுகிறவன் பேட்டைத் தொடவேண்டாம். சைக்கிள் ஓட்டட்டும், பூப்பந்து ஆடட்டும். ஜனவரி, பிப்ரவரியில் சேலத்துக் காலை நேரம் அருமையாக இருக்கும். நுட்பத்தில் உள்ள குறையைச் சரிசெய்யவும் புதிதாக ஒன்றைக் கற்கவும் இதைவிட நல்ல காலம் கிடையாது. மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு இல்லாதவர்கள்கூட வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகவேண்டாம். ஆனால் முழுக்க நிறுத்திவிடாதீர்கள். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் சராசரி ஒரு மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பரீட்சை மாதத்துக்கு அதில் விலக்கு கிடையாது.

மே மாதம் முகாமுக்குப் போகலாம், தப்பில்லை. ஆனால் வருடம் முழுக்க ஆடாத விளையாட்டுக்குப் போகட்டும். நாற்பது டிகிரி வெயிலில் காலை எட்டு மணிக்குள் முடிக்கும் முகாமாகப் பாருங்கள். தண்ணீர் கேட்டால் "அப்புறம் குடிக்கலாம்" என்கிற இடத்துக்கு அனுப்பாதீர்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை குடிக்க வேண்டும். உப்புப் போட்ட நீர்மோரோ எலுமிச்சைத் தண்ணீரோ கொடுத்தனுப்பினால் கலர் பாட்டில் பானம் தேவையே இல்லை. வெயிலில் ஒரு பிள்ளை தள்ளாடினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ, முதலில் நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிர வையுங்கள். ஒருவர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும்.

ஏற்காடு பற்றி

"ஏற்காட்டில் ஓடவிட்டால் ஸ்டாமினா எகிறும்" என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளை மலைக்கு ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ரத்தத்தில் சிவப்பணுவைக் கூட்டுகிற உயரப் பயிற்சிக்குப் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேல், அதுவும் வாரக்கணக்கில் தங்க வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்புவதில் அந்தப் பலன் எதுவும் கிடைக்காது. கிடைப்பது எட்டுப் பத்து டிகிரி குறைந்த குளிர்ச்சியும் நல்ல ஏற்றமும்தான், அதற்காகப் போகலாம். ஏற்றத்தில் ஓடட்டும், இறக்கத்தில் வண்டியில் வரட்டும். வளரும் முழங்காலுக்கு இறங்கு ஓட்டம்தான் எமன். விடுமுறை நாளில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் சுற்றுலா வண்டி நெரியும், அங்கே ஓடவிடாதீர்கள். மேலே உள்ள தோட்டப் பாதைகளே நல்லது.

ஏற்காட்டுப் பிள்ளைகளுக்குச் சிக்கல் நேர் எதிரானது. பனியில் பழகிய உடம்போடு கீழே இறங்கி சேலம் வெயிலில் 1,500 மீட்டர் ஓடினால் பாதியில் சுருண்டுவிடுவார்கள். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே, மலை மேலேயே மதிய நேரத்தில் பயிற்சி வைத்துக்கொள்வது, முடிந்தால் ஒன்றிரண்டு நாள் கீழே வந்து ஓடுவது உதவும்.

வாரக் கணக்கு

நினைவில் வைக்கச் சுலபமான வழி ஒன்று: பிள்ளையின் வயது எவ்வளவோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் முறைப்படுத்திய பயிற்சி வேண்டாம். பதினோரு வயதென்றால் பதினொரு மணி நேரம், பள்ளி அணி, அகாடமி, ஞாயிறு மேட்ச் எல்லாம் சேர்த்து. பள்ளிக்கும் அகாடமிக்கும் ஒன்று செய்வது இன்னொன்றுக்குத் தெரியாது, கூட்டிப் பார்க்க வேண்டியது நீங்கள்தான். வாரம் ஒரு நாளாவது முழு ஓய்வு.

வேகப்பந்து வீசுகிற பிள்ளைக்கு இது போதாது, பந்தை எண்ண வேண்டும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்த அளவு: 13 வயது வரை தொடர்ந்து 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர்; 14, 15 வயதில் தொடர்ந்து 6, நாளைக்கு 12; 16, 17 வயதில் தொடர்ந்து 7, நாளைக்கு 18. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பரிசுப் போட்டியில் ஒரே நாளில் மூன்று மேட்ச். நன்றாகப் போடுகிற பையன் என்றால் மூன்றிலும் அவன் கையில்தான் பந்து. வளரும் வயதில் கீழ் முதுகெலும்பில் விரிசல் விழுவது இப்படித்தான். "அண்ணா, இன்னிக்கு என் ஓவர் முடிஞ்சுது" என்று கேப்டனிடம் சொல்லப் பையனுக்குப் பழக்கிவிடுங்கள்.

கபடியில் வேறு கேடு. எடைப் பிரிவுப் போட்டிக்காக முந்தைய நாள் சோறு, தண்ணீர் நிறுத்தி, வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடவிடுகிறார்கள். உடம்பின் நீரை வற்றவைத்து இரண்டு கிலோ குறைத்துக் களத்தில் இறங்கும் பதினான்கு வயதுப் பையனுக்கு மயக்கமும் வரும், சிறுநீரகமும் கெடும். எடை கூடிவிட்டதா, மேல் பிரிவில் ஆடட்டும். இதில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை.

சாப்பாடும் தூக்கமும்

புரோட்டீன் டப்பா வேண்டாம். பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம். முடிந்து அரை மணி நேரத்துக்குள் ராகிக் களியோ இட்லியோ, கூடவே இரண்டு முட்டை அல்லது ஒரு கை அவித்த நிலக்கடலை, சுண்டல். நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு முட்டைக்குப் பஞ்சம் சொல்ல முடியாது. மைதானத்து வாசலில் தட்டுவடை செட் சாப்பிடட்டும், நம்மூர்ப் பிள்ளைக்கு அதை மறுக்க எனக்கு மனசில்லை, ஆனால் அதையே மாலைச் சாப்பாடு ஆக்காதீர்கள்.

பெண்பிள்ளை சீக்கிரம் களைத்துப்போகிறாள், மூச்சு வாங்குகிறாள் என்றால் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறியாமல் சாப்பிடுகிறாளா என்று கேளுங்கள். பயிற்சி கடுமையாகி மாதவிடாய் மூன்று மாதம் தள்ளிப்போனால், "விளையாடுறவங்களுக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சாப்பாடு பயிற்சிக்கு ஈடு கொடுக்கவில்லை என்பதற்கு அது அறிகுறி, எலும்பும் பலவீனமாகும்.

தூக்கம், பன்னிரண்டு வயது வரை 9 மணி நேரமாவது, அதற்கு மேல் 8 மணி நேரமாவது. காலை ஐந்தரைப் பயிற்சிக்கு வருகிறவன் இரவு ஒன்பதுக்குள், பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் எட்டுக்குள், படுக்க வேண்டும். டியூஷன் முடிந்து பத்தரைக்கு வீடு வருகிற பிள்ளையென்றால் மாலைப் பயிற்சிக்கு மாற்றுங்கள், அல்லது டியூஷனை மாற்றுங்கள்.

வலி

பயிற்சி முடிந்த மறுநாள் தசை முழுக்க வலித்து இரண்டு நாளில் போனால் கவலையில்லை. ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டும்படி வலித்தால் கவனியுங்கள். வளரும் வயதில் முட்டிக்குக் கீழே கட்டி மாதிரி வீங்கி வலிப்பதும், குதிகாலின் பின்புறம் வலிப்பதும் அடிக்கடி வரும். எலும்பு நுனியில் இன்னும் கெட்டிப்படாத இடத்தைத் தசைநார் இழுப்பதால் வருகிறது. பெரும்பாலும் குதிப்பதையும் ஓடுவதையும் சில வாரம் குறைத்தாலே அடங்கும். இரவில் எழுப்புகிற வலி, நொண்ட வைக்கிற வலி, வேகப்பந்து வீசுகிறவனுக்குக் கீழ் முதுகில் ஒரு பக்கமாக வரும் வலி இவற்றுக்கு எண்ணெய் தேய்த்துச் சுளுக்கெடுக்கப் போகாமல் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

காகிதங்கள்

இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்றாலே செலக்‌ஷன் அன்று மேசையில் நிறுத்திவிடுவார்கள். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளிடமிருந்து தள்ளியிருங்கள். கிரிக்கெட் வாரியம் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதே பார்க்கிறது.

பெற்ற சான்றிதழ் ஒவ்வொன்றையும், போட்டி எந்த அளவிலானது, எந்தத் தேதி என்பதோடு ஒரு கோப்பில் வையுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வு கோடையில் அறிவிக்கப்படும். காந்தி ஸ்டேடியத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் மார்ச் மாதமே ஒருமுறை போய் விசாரித்துவிடுங்கள். போகும்போது அசலோடு இரண்டு செட் நகலும் பாஸ்போர்ட் அளவு போட்டோவும் எடுத்துக்கொண்டு போனால் இரண்டாவது தடவை அலைய வேண்டியிருக்காது.